உப்புத் தண்ணீர்க் குளமும் வசந்தா அக்காவும்

ஜூன் 30, திங்கள்

காலையில் தூறல். பள்ளிக்குக் கிளம்பும் முன் குடியிருப்பு நீச்சல் குளத்தில் சோதனைக் காகிதப் பட்டையை நனைத்துப் பார்த்தேன். லேசான மஞ்சள். குளோரின் அரை. ஒன்றுக்கு மேல் இருக்க வேண்டும். ஆனாலும் போன வாரக் கடைசியில் இருந்த பூஜ்யத்துக்கு இது பரவாயில்லை. எல்லாத் திங்கட்கிழமையும் இப்படித்தான் கொஞ்சம் ஏறியிருக்கிறது. செவ்வாய், புதனில் மறுபடி இறங்கிவிடுகிறது. ஏன் என்று தெரியவில்லை.

பிளீச்சிங் பவுடர் மூட்டையை என் பால்கனிக்குக் கீழே அடுக்கி, என் வீஸிங்கைக் கிளப்பிக்கொண்டிருந்த காலத்தில் உப்பு மெஷின் யோசனையைச் சொன்னவளே நான்தான். சாப்பாட்டு உப்பைக் கரைத்தால் போதும், தண்ணீர் ஓடும்போது மெஷினே அதிலிருந்து குளோரின் எடுத்துக்கொள்ளும், கண் எரியாது என்று அறுபத்துநாலு வீட்டுக்கும் படம் வரைந்து காட்டினேன். எனக்கு நீச்சலே தெரியாது என்பது வேறு விஷயம்.

ஏப்ரல் கடைசியில் மாட்டினார்கள், தண்ணீரைச் சுற்றவிடும் புது மோட்டாரோடு. மே மாதம் முழுக்கக் கண்ணாடி மாதிரி தண்ணீர். ஜூனில் பள்ளி திறந்தது, இங்கே வினை ஆரம்பித்தது.

மாலை 4.30-க்குப் பார்த்தவை:
உப்பு 3200, சரி.
அமிலத்தன்மை 7.6, சரி.
பச்சை விளக்கு எரிகிறது. மோட்டார் ஓடுகிறது. மெஷின் கண்ணாடிக் குழாயில் குமிழி வருகிறது.
வெயில் குளோரினைத் தின்னாமல் காக்கும் பொடி, போன வாரமே போட்டாயிற்று.

எல்லாம் சரி. தண்ணீர் மட்டும் பச்சை.

ப்ளஸ் டூ டெஸ்ட் பேப்பர் 41 இருக்கிறது. தொடவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

பூஜ்யம்.

பள்ளியிலிருந்து வந்ததும் மெஷினின் தகட்டுக் குழாயைக் கழற்றினேன். தகட்டில் சுண்ணாம்பு படிந்தால் குளோரின் வராது. நீர்த்த அமிலத்தில் கழுவ வேண்டும். இது மூன்றாவது முறை. தகட்டில் படிவம் ஒன்றும் தெரியவில்லை. இருந்தும் ஊற்றினேன். வேறென்ன செய்வது?

கையுறையில் கிழிசல். கவனிக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு லேபில் சொல்வது: கையுறையைப் பாருங்கள், கையுறையைப் பாருங்கள். அமிலம் பட்டு வலது மணிக்கட்டில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் வெந்துவிட்டது.

என் சத்தம் கேட்டு வசந்தா அக்கா ஓடி வந்தாள். அவள் வீடு தரைத்தளம், மோட்டார் அறையை ஒட்டி. குழாயடிக்கு இழுத்துப்போய்ப் பத்து நிமிடம் கையைத் தண்ணீரிலேயே பிடித்து வைத்தாள்.

"ஏன்டி ரெஜி இப்படி உயிர விடற? மெஷின்தானே?"

"எங்க தப்புன்னு தெரியலக்கா. தெரியாம எப்படி விடறது?"

அவள் மருந்து போட்டு, துணி சுற்றிவிட்டாள். அவள் கணவர் கோபால் சார் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். தூங்குகிறார் என்றாள். மார்ச்சில் அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதிலிருந்து எப்போது கேட்டாலும் அதே பதில். உள்ளே கூப்பிடுவதில்லை. நானும் தொந்தரவு செய்வதில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவளே சப்பாத்தி அனுப்பினாள். இடது கையால் சாப்பிட்டேன்.

ஜூலை 2, புதன்

வெயில். கரும்பலகையில் எழுத முடியவில்லை, கை வலி.

வீட்டுக்குத் திரும்பும்போது லிஃப்ட் அருகே திவ்யா நின்றாள். மூன்றாவது மாடி. இடுப்பில் மகள் நிலா, ஆறு வயது. இரண்டு கண்ணும் வீங்கி, சீழ் கட்டி, இமை ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"பாருங்க மிஸ். நல்லா பாருங்க. டாக்டர் கேக்கறாரு, எந்தச் சாக்கடையில குளிச்சான்னு."

"எவ்ளோ நாளா, திவ்யா?"

"ஞாயித்துக்கிழம நல்லா இருந்தா. நேத்து தண்ணில இறங்கினா, இன்னிக்கி கண்ணத் தொறக்க முடியல. உங்க சயின்ஸ நீங்களே வச்சுக்குங்க."

நிலா என்னைப் பார்க்க முயன்றாள். முடியவில்லை. "ரெஜினா மிஸ்ஸாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

குளத்தை மூடச் சொல்லி செயலாளர் சுரேஷ் சாருக்குச் செய்தி போட்டேன். அதை நேற்றே செய்திருக்க வேண்டும். பூஜ்யத்தைப் பார்த்துவிட்டும் மெஷினைப் பற்றித்தான் யோசித்தேனே தவிர, யாரெல்லாம் இறங்குகிறார்கள் என்று யோசிக்கவில்லை. இது என் தப்பு. எழுதி வைக்கிறேன்.

குடியிருப்பு வாட்ஸப்பில் ஒரே அமளி. பழையபடி பவுடர் போடு. குளத்தை மூடி கார் நிறுத்தலாம். டீச்சர் பாடம் நடத்தட்டும், மெஷின் வேண்டாம். ஞாயிறு பொதுக்குழு என்று அறிவிப்பு.

இடையில் வசந்தா அக்காவின் செய்தி: "இந்த மெஷின் வந்த நாளிலிருந்தே பிரச்சினைதான். எடுத்துவிடுவது நல்லது."

இரண்டு தடவை படித்தேன். வேறு வசந்தாவோ என்று எண்ணைச் சரிபார்த்தேன். இல்லை, அவள்தான்.

நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள்.

ஓமானிலிருந்து என் கணவர் கூப்பிட்டார். சொன்னேன். "அவங்க வீட்டுக்காரர் அப்படி இருக்கும்போது ஏதோ சலிப்புல போட்டிருப்பாங்க, விடு" என்றார். விட்டேன். விடவில்லை.

ஜூலை 3, வியாழன்

காலை நடைக்கு வசந்தா அக்கா வழக்கம்போல் வந்தாள். குரூப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கத்திரிக்காய் பற்றியே இரண்டு சுற்று.

மாலை ஐந்துக்குக் கீழ்க்கட்டளையிலிருந்து மெஷின் கம்பெனி டெக்னீஷியன் முரளி. தகட்டைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"ஆசிட் ஊத்துனீங்களா மேடம்?"

"மூணு தடவ."

"ஐயோ. இதுல அழுக்கே இல்லையே. சும்மா ஊத்துனா மேல இருக்கற பூச்சுதான் போகும்."

பத்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நின்றேன். மின்சாரம் அளந்தார், தண்ணீர் ஓட்டம் பார்த்தார், உப்பு அளந்தார். மெஷினில் ஒரு குறையும் இல்லை என்றார். அப்புறம், பையை மூடும்போது:

"ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் ஓடுது?"

"எட்டு மணி நேரம். காலைல பத்துலேருந்து ஆறு வரைக்கும். டைமர் வச்சிருக்கோம்."

"டைமர் கதையெல்லாம் வேணாம் மேடம். மோட்டார் ஓடுனாத்தான் மெஷின் ஓடும். எவ்ளோ நேரம் ஓடுச்சுன்னு உள்ள அதுவே எழுதி வைக்கும். பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பொத்தானை நான்கு முறை அழுத்திக் காட்டினார். 365 மணி நேரம்.

அவர் போனபின் கணக்குப் போட்டேன். மாட்டிய நாளிலிருந்து இன்று மாலை வரை, தினம் எட்டு மணி என்றால் 519 வர வேண்டும். 154 மணி நேரம் காணோம்.

மின்வெட்டா? அவ்வளவு இல்லை. டைமர் கோளாறா? நான் பார்க்கும்போதெல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நான் பார்க்கும்போதெல்லாம்.

ஜூலை 4, வெள்ளி

காலை 7.30: மீட்டர் 366. குறித்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

பள்ளியில் நான்கு பீரியட். எதை நடத்தினேன் என்று நினைவில்லை.

மாலை 4.30: 367.

ஆறரை மணி நேரம் ஏறியிருக்க வேண்டும். ஏறியது ஒன்று. பத்து மணியிலிருந்து நாலரை வரைக்கும் ஒரே ஒரு மணி.

மோட்டார் அறையைப் பூட்டித் திறப்பவர் வாட்ச்மேன் ஏழுமலை. பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வருபவர், ஐம்பத்தைந்து வயது, தோட்டம், மோட்டார், கேட் எல்லாம் அவர்தான். கேட்டேன். முதலில், "இன்னா மிஸ்ஸு கேக்கற, கரெக்டாதான் ஓடிகினு கீது" என்றார். மீட்டர் எண்ணைக் காட்டினேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"வசந்தாக்காதான் சொல்லிச்சி மிஸ்ஸு. டீச்சர் ஸ்கூலுக்குப் போயிருக்கும், பத்தரைக்கு ஆஃப் பண்ணிடு, நாலு மணிக்குப் போட்டுடுன்னு. டீச்சர் நாலேகாலுக்கு வந்துரும், அதுக்குள்ள போட்டுடணும்னு."

"எப்பலேருந்து?"

"ஸ்கூல் தொறந்த மறுநாள்லேருந்து. ஞாயித்துக்கிழம வோணாம்னு சொல்ட்டாங்க. அன்னிக்கி அவங்க சாரைக் கூட்டிகினு பம்மல்ல தங்கச்சி வூட்டுக்குப் பூடுவாங்க இல்ல?"

அதனால்தான் திங்கட்கிழமைகளில் தண்ணீர் கொஞ்சம் தேறியிருந்தது.

சனிக்கிழமை எனக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்பதுகூட அவளுக்குத் தெரியும். என் நேரம் எல்லாம் அவளுக்குத் தெரியும். நான்தானே சொல்கிறேன், தினமும், நடக்கும்போது.

நேரே அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். பாதி திறந்து, வெளியே வந்து, பின்னால் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள்.

"அக்கா, மோட்டார நிறுத்தச் சொன்னது நீங்களா?"

பொய் சொல்லவில்லை. அதற்கு நன்றி சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை.

"அவருக்கு அந்தச் சத்தம் ஆகல ரெஜி."

கோபால் சார் முப்பத்தோரு வருடம் மின்சார ரயில் ஓட்டியவர், பீச் ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும். புது மோட்டாரின் உறுமல் அவர் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவருக்குள்ளேயே கேட்கிறதாம். கேட்டதும் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்திருக்கப் பார்க்கிறாராம்.

"ரெண்டு தடவ விழுந்துட்டார். ஒரு தடவ தலையில ஏழு தையல். மே மாசம் பூரா எப்படி சமாளிச்சேன்னு எனக்குத்தான் தெரியும். அவர் மேலயே சாஞ்சு உக்காந்திருப்பேன், எந்திரிக்க விடாம. இப்பவும் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் அப்படித்தான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கிட்ட சொன்னா நீ என்ன பண்ணுவ? பேப்பர் எடுத்துக் கணக்கு போடுவ. எட்டு மணி நேரம் ஓடியே ஆகணும்னு எனக்குப் புரிய வைப்ப. எனக்கும் புரிஞ்சிடும். அப்புறம் நான் என்ன பண்றது?"

அதை விட்டு வேறொன்று கேட்டேன்.

"சரி. குரூப்ல ஏன்க்கா அப்படி எழுதினீங்க?"

தரையைப் பார்த்தாள். "எல்லாரும் எழுதினாங்க. நான் மட்டும் சும்மா இருந்தா யாராவது சந்தேகப்படுவாங்கன்னு..."

உள்ளே ஏதோ உருண்டு விழுந்தது. திரும்பிக் கதவைத் திறந்தாள். "மீட்டிங்ல சொல்லாத ரெஜி. அவர் இப்படி இருக்கார்னு யாருக்கும் தெரியாது" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூலை 5, சனி

நடைக்குப் போகவில்லை. ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவளும் வரவில்லை.

ஸ்பெஷல் கிளாஸ். பேப்பர் 23 திருத்தினேன். ஒரு பையனுக்கு இரண்டு மதிப்பெண் கூடப் போட்டுவிட்டு, பிறகு அதை அடித்துத் திருத்தினேன்.

2015 வெள்ளத்தில் முடிச்சூர் வீட்டில் எங்களுக்கு இடுப்பளவு தண்ணீர். எதிர்வீட்டு மாடியில் பத்தொன்பது நாள் வைத்துச் சோறு போட்டவள் வசந்தா அக்கா. அப்புறம்தான் இரண்டு குடும்பமும் பேசி வைத்துக்கொண்டு இங்கே ஃபிளாட் வாங்கினோம். பக்கத்திலேயே இருக்கலாம் என்று.

இதை எதற்கு எழுதுகிறேன்? அவளுக்கு ஆதரவாகவா, எதிராகவா?

மோட்டாரை நிறுத்தியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோபால் சார் விழுகிறார் என்றால் நானே நிறுத்தியிருப்பேன். ஆனால் நான் ஒரு மாதமாக அந்த அறையில் குனிந்து நிமிர்ந்ததைத் தினமும் சமையலறை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று தடவை அமிலம் ஊற்றியதைப் பார்த்தாள். "உப்பு குறைச்சலோ என்னவோ ரெஜி" என்று யோசனைகூடச் சொன்னாள். போன சனிக்கிழமை. நினைவிருக்கிறது. உப்பு குறைச்சலோ என்னவோ.

தெரிந்துகொண்டே.

திவ்யாவைக் கேட்டேன். நிலாவுக்கு வலது கண் திறந்துவிட்டது, இடது இன்னும் இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

சர்ச் முடிந்து நேரே பொதுக்குழு. பதினொன்றரை. அரங்கில் மூன்று விசிறிதான் ஓடியது, புழுக்கம்.

வசந்தா அக்கா பம்மல் போகவில்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தங்கையைக் கோபால் சாருக்குத் துணை வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

சுரேஷ் சார் ஆரம்பித்தார். "ரெஜினா மிஸ், கெமிஸ்ட்ரி டீச்சர்னு நம்பித்தான் பொறுப்ப விட்டோம். ஒரு குழந்தைக்குக் கண்ணு போயிருக்கும். என்னதான் பிரச்சினை?"

முந்தின நாளே முடிவு செய்திருந்தேன். பெயர் சொல்வதில்லை. "மெஷின் நல்லா இருக்கு. ஓடற நேரம் போதல. பகல்ல மோட்டார் நின்னு போயிருக்கு. இனிமே நிக்காம பாத்துக்கறேன்" என்றேன்.

"நின்னு போச்சா, நிறுத்தினாங்களா?"

வாயைத் திறந்து மூடினேன். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. வகுப்பில் அது நல்ல குணம்.

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். ஏழுமலை நின்றிருந்தார். சாவி அவரிடம்தானே.

"ஏழுமலை, நீயா ஆஃப் பண்ணே?"

"ஆமா சார்."

"எதுக்கு? யார் சொன்னா?"

அவர் வசந்தா அக்காவைப் பார்க்கவே இல்லை. கூரையைப் பார்த்தார். "நானேதான் சார். சூடாவுதேன்னு ஆஃப் பண்ணேன்."

"சூடாவுதா? ஒரு மாசமா? ஏன்யா, குழந்தைங்க இறங்கற தண்ணில வெளயாடறியா? நாளைலேருந்து நீ வர வேணாம். சாவிய இப்பவே குடுத்துட்டுப் போ."

நான் வசந்தா அக்காவைப் பார்த்தேன். இப்போது சொல்வாள் என்று நினைத்தேன். என்னை விட்டுக்கொடுத்தது போகட்டும், இவருக்காகச் சொல்வாள். ஏழுமலை இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார், முடிச்சு இறுகிவிட்டது, அவிழவில்லை. அவ்வளவு நேரம் இருந்தது அவளுக்கு. கையிலிருந்த ஃபோனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திரை அணைந்திருந்தது.

"வசந்தாக்கா சொல்லித்தான் அவர் நிறுத்தினார்" என்றேன்.

என் குரல்தான். கடைசி வரிசைக்கும் கேட்கிற வகுப்புக் குரல்.

அவள் எழுந்தாள். "ஆமா. நான்தான். எங்க வீட்டுக்காரருக்கு அந்தச் சத்தம் கேட்டா புத்தி தடுமாறுது. எந்திரிச்சு விழறார். போதுமா?" என்றாள். போதுமா என்பதை மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னாள். நாற்காலிகளுக்கு நடுவே வழி கேட்டுக் கேட்டு வெளியே போனாள்.

 அப்புறம் திவ்யா, "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க ஒத்துக்க மாட்டோமா?" என்று அழ ஆரம்பித்தாள். குளத்தை மூடும் பேச்சு அப்படியே நின்றது. சாவி ஏழுமலையிடமே இருக்கட்டும் என்றார் சுரேஷ் சார்.

வெளியே வந்ததும் ஏழுமலையிடம், "நீங்க ஏன் அவங்க பேரச் சொல்லல?" என்று கேட்டேன்.

"டெய்லி பதினோரு மணிக்கு டீ குடுக்கும் மிஸ்ஸு அந்தக்கா. சார் கீழ வுய்ந்தா நான்தான் போய்த் தூக்குவேன். அவுரு நிலம எனக்குத் தெரியும். அத்தப் போய் இத்தன பேர் முன்னால எப்டி மிஸ்ஸு காட்டிக் குடுக்கறது?"

என்மேல் குறை சொல்லவில்லை. சும்மா சொன்னார்.

மதியம் சாப்பிடவில்லை. ஏழுமலையைக் காப்பாற்றத்தான் சொன்னேன். ஆனால் சொன்னபோது நெஞ்சில் இருந்தது அவர் மட்டுமல்ல. அந்தக் குரூப் செய்தியும் இருந்தது.

ஜூலை 7, திங்கள்

அரை நாள் லீவு. மேகமூட்டம், மழை இல்லை.

முரளியை மறுபடி வரச் சொல்லியிருந்தேன். மெஷினுக்காக இல்லை, சத்தத்துக்காக. பத்து மணிக்கு மோட்டார் தானே ஓடத் தொடங்கியது. மோட்டார் அறைச் சுவரில் காதை வைத்தேன். கடகடவென்று இல்லை, ஆழமான ஒரே உறுமல். ரயில் கிளம்புவதற்கு முன் நிற்கும்போது வருமே, அதேதான்.

முரளி டார்ச் அடித்துப் பார்த்தார். புது மோட்டாரின் குழாயைப் பிடித்து நிறுத்தும் இரும்புப் பட்டையை நேரே சுவரில் போல்ட் அடித்து முடுக்கியிருக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கோபால் சார் கட்டில்.

"ரப்பர் வைக்காம விட்டிருக்காங்க மேடம். எங்க ஆளுங்க பண்ண வேலைதான், சாரி. அதிர்வு அப்படியே செவுத்துல ஏறும்."

பட்டையைக் கழற்றி, சுவரை விட்டுத் தரையில் ஒரு தாங்கி நிறுத்தினார். குழாய்க்கும் பட்டைக்கும் நடுவே ரப்பர், மோட்டாருக்கு அடியில் நான்கு ரப்பர் கட்டை. மொத்தம் இருபது நிமிடம். இருபது நிமிட வேலை.

அந்தப் பக்கத்தில் கேட்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டும். முரளி என்னைப் பார்த்தார். ஏழுமலை செடிகளைப் பார்த்தார்.

போய்த் தட்டினேன். வசந்தா அக்கா திறந்தாள். நேற்றைய புடவைதான் கட்டியிருந்தாள்.

"செவுத்துல சத்தம் வருதான்னு பாக்கணும்."

வழி விட்டாள்.

மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவை அந்த அறை. கட்டிலைச் சுற்றித் தலையணையும் சுருட்டிய போர்வையும் அணை மாதிரி கிடந்தன. ரயில் ஓட்டியவரின் அந்தப் பழைய தோள்கள் இப்போது பனியனுக்குள் இல்லை. முடிக்கு நடுவில் தையல் தழும்பு. விழித்துத்தான் இருந்தார்.

ஏழுமலைக்கு ஜன்னல் வழியே கை காட்டினேன். மோட்டாரைப் போட்டார். சுவரில் உள்ளங்கையை வைத்தேன். லேசான குறுகுறுப்பு, அவ்வளவுதான். காதுக்கு ஒன்றுமில்லை. இருவரும் காத்திருந்தோம். வசந்தா அக்கா ஒரு கையை அவர் மார்பின் மேல் தயாராக வைத்திருந்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை, கண்ணை மூடிக்கொண்டார்.

ஐந்து நிமிடம் கழித்து அவள் கையை எடுத்தாள்.

"இவ்வளவுதானா ரெஜி?"

"இவ்வளவுதான்."

"உங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாம் நான்."

ஆமாம் என்று சொல்ல வந்தது. சொல்லவில்லை. நான் நேற்று செய்ததற்கு ஒரு வார்த்தை சொல்லலாம் என்றும் வந்தது. அதுவும் சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வேலை நடந்த நேரம் போக மீதி ஏழரை மணி நேரமும் ஓடிற்று. ஆறு மணிக்குப் பட்டையில் நல்ல மஞ்சள், ஒன்றரை. இன்னும் இரண்டு நாளில் பிள்ளைகளை இறக்கலாம். நிலாவுக்கு இடது கண்ணும் திறந்துவிட்டதாம்.

இப்போது ஏழு மணி. வாசலில் யாரோ பாத்திரம் வைத்துவிட்டுப் போகிற சத்தம். அவள் நடை எனக்குத் தெரியும். கதவைத் திறக்காமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.